போனை யார் வைத்தது

2024 அக்டோபர் 14, திங்கட்கிழமை முற்பகல் 11.42 மணிக்கு, ஆரணி மார்க்கெட் ரோட்டில் உள்ள உண்ணாமலை சில்க்ஸ் மொத்தக் கடைக்கும் சேலம் ஜவுளி வியாபாரி ரங்கசாமிக்கும் நடந்துகொண்டிருந்த தொலைபேசிப் பேச்சு பாதியில் அறுந்தது. அந்த மாதத்தில் அப்படி அறுந்த ஐந்தாவது அழைப்பு அது.

அரை நிமிடத்தில் லிடியாவின் மேசைப் போன் அடித்தது.

"என்னம்மா, உங்க முதலாளிக்கு வெல கட்டலைன்னா வாயத் தொறந்து சொல்லச் சொல்லு. பேசிட்டு இருக்கறப்பவே போன வெக்கறது என்ன பழக்கம்?"

"சார், அவர் வெச்சிருக்க மாட்டாருங்க. லைன் கட் ஆயிருக்கும். இருங்க, திரும்பக் குடுக்கறேன்."

"போன வாரமும் இதையேதான் சொன்ன. வேண்டாம். எரநூறு புடவைக்கு ஆரணியில வேற கடை இல்லாமயா போச்சு?"

அந்த முறை போனை வைத்தது ரங்கசாமிதான். அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

லிடியா அந்தக் கடையில் ஒன்பது வருடமாகத் தொலைபேசி ஆபரேட்டர். வெளியிலிருந்து வரும் எல்லா அழைப்பும் முதலில் அவளுடைய பத்தாம் எண் போனுக்கு வரும். தெலுங்கு, கன்னடம், இந்தி எதில் பேசினாலும் அதிலேயே பதில் சொல்லி, முதலாளி தனசேகரனின் பதினொன்றாம் எண்ணுக்கு மாற்றிவிடுவாள். அவளுடைய மேசை வாசலை ஒட்டி இருந்தது. பத்தடி தள்ளி, வெள்ளைத் துணி விரித்த மேடையில் தனசேகரன் உட்கார்ந்திருப்பார். நடுவில் கூடம். தீபாவளிக்குப் பதினேழு நாள் இருந்ததால் தரகர்களும், நெய்த புடவையைக் கொண்டுவந்தவர்களும் கூடம் நிறைய இருந்தார்கள்.

அந்தக் கூடத்தில் விலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நேரில் வந்தவர்களிடம் தனசேகரன் கைமேல் துண்டைப் போட்டு, அதனடியில் விரலைப் பிடித்துப் பேசுவார். போனில் என்றால் ஜரிகை, முந்தி, எடை எல்லாவற்றையும் கூடம் அதிரப் பேசுவார். விலை வரும்போது அமைதியாகிவிடுவார். அதற்குமேல் அதை எப்படி முடிக்கிறார் என்று லிடியா கவனித்ததில்லை. அடுத்த அழைப்பு காத்திருக்கும்.

தனசேகரன் மேடையைவிட்டு இறங்கி வந்தார். கூடத்தில் பேச்சு நின்றது.

"இன்னா பண்ண நீ?"

"நான் ஒண்ணும் பண்ணல சார். உங்களுக்குக் குடுத்துட்டு அடுத்த லைன் எடுத்தேன்."

"பூ நல்லாருக்கா, பார்டர் நல்லாருக்கானு பேசறப்போ கட் ஆவல. வெல முடியற நேரம் பாத்து கட் ஆவுது. அஞ்சு வாட்டியும் அப்பிடித்தான். மெஷினுக்கு வெல தெரியுமா?"

"போன மாசக் கடைசியில புதுப் பொட்டி மாட்டினதுல இருந்துதான் சார் இது. அத முதல்ல பாக்கச் சொல்லுங்க."

"அடுத்த தெருக் கடையிலயும் அதே பொட்டிதான். அதே கம்பெனிக்காரன் மாட்டினது. அங்க ஏன் அறுகல?" அவர் மேசைமேல் கையை ஊன்றினார். "உன் தங்கச்சி வூட்டுக்காரன் வின்சென்ட் எங்க வேலை பாக்கறான்?"

"அது ஊருக்கே தெரியும் சார்."

"எனக்குச் சொல்லு."

"அடுத்த தெருக் கடையில."

"இங்க அறுந்த பார்ட்டி எங்க போறான்?"

தரகர் தருமன் பின்னாலிருந்து சொன்னான்: "வின்சென்ட்டுக்கு இந்த வருசம் போனஸ் ரெண்டு கடையில போல."

நான்கைந்து பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேருக்கு அன்று காலை அவள்தான் தேநீர் சொல்லியிருந்தாள்.

"சனிக்கெழம வரைக்கும் டைம்" என்றார் தனசேகரன். "நீ பண்ணலைன்னு காட்டு. காட்ட முடியலைன்னா வேலை இல்ல. ஞாயித்துக்கெழம உங்க சர்ச்சுக்கே வந்து பாஸ்டர் முன்னாடி நிக்க வெச்சுக் கேப்பேன்."

வேலை போவதைவிட அந்தக் காரணம்தான் அவளைப் பயமுறுத்தியது. ஆரணிக் கடைக்காரர்கள் பழைய இடத்தில் விசாரிக்காமல் யாரையும் போன் மேசையில் உட்கார வைப்பதில்லை. வாடிக்கையாளரை வேறு கடைக்குக் கடத்தியவள் என்று ஒரு வார்த்தை போதும். வின்சென்ட்டுக்கும் அதுவே கதி.

மறுநாள் வேலூரிலிருந்து ஹேமநாத் வந்தான். பெட்டியை விற்று மாட்டிய நிறுவனத்தின் ஆள். கேட்வே என்று அவர்கள் சொல்லும் அந்தக் கறுப்புப் பெட்டி புத்தக அளவுதான். வெளியிலிருந்து வரும் தொலைபேசி லைன்களைக் கடையின் பன்னிரண்டு போன்களுக்கும் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. ஹேமநாத் லிடியாவின் கணினியில் அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, அழைப்புப் பட்டியலை எடுத்தான். தனசேகரன் அவன் தோளுக்குமேல் குனிந்து நின்றார்.

"பாருங்க சார். நேத்து 11.41. முடித்தது பத்தாம் எண்." திரும்பி லிடியாவைப் பார்த்தான். "பத்து யாரு?"

"கேட்டியா?" என்றார் தனசேகரன் கூடத்தைப் பார்த்து.

லிடியா எழுந்து திரையருகே வந்தாள். "அது சேலம் நம்பர் இல்ல. அது கூரியர் ஆபீஸ். நேத்து சாயங்காலம் அஞ்சேகாலுக்கு நான்தான் பேசி, நான்தான் வெச்சேன்."

"11.41னு போட்டிருக்குது சிஸ்டர்."

"இப்ப மணி இன்னா? பொட்டி இன்னா காட்டுது?"

சுவரில் பத்தரை. திரையின் மூலையில் ஐந்து மணி. ஹேமநாத் ஒரு கணம் அதைப் பார்த்தான்.

"கிரீன்விச் டைம்ல இருக்குது. அஞ்சரை மணி நேரம் பின்னாடி. மாட்டறப்போ மாத்தாம வுட்டுட்டாங்க."

"யாரு வுட்டாங்க?"

அவன் பட்டியலை மேலே தள்ளினான். சேலம் எண் 6.12க்கு எதிரே இருந்தது. முடித்த பக்கம்: உள். முடித்த போன் எண் இருக்க வேண்டிய கட்டம் காலியாக இருந்தது.

"எப்பிடிப் பாத்தாலும் உள்ளதான் சார் கட் ஆயிருக்குது" என்றான் ஹேமநாத். "வெளி லைன்ல தப்பில்ல. எங்க பொட்டியிலயும் தப்பில்ல."

"உள்ளனா பன்னெண்டு போன் இருக்குது" என்றாள் லிடியா. "எந்த போன்னு ஏன் காலியா இருக்குது?"

"அது தெரியணும்னா ட்ரேஸ் போடணும். ஒவ்வொரு கால்லயும் எந்தப் போன் எந்த நொடியில இன்னா சொல்லிச்சு, பொட்டி இன்னா பதில் சொல்லிச்சுனு வரி வரியா எழுதும். ஒரு காலுக்கு நூறு வரி வரும். படிக்க ஆள் வேணும். உங்களுக்குப் புரியாது சிஸ்டர்."

"போடுங்க. புரியுதானு நான் பாத்துக்கறேன்."

"சீசன்ல பொட்டி ஸ்லோ ஆகும் சார்" என்று அவன் தனசேகரனிடம் முறையிட்டான்.

"மேனுவல்ல அப்பிடி இல்ல" என்றாள் லிடியா. நேற்றிரவே அந்தக் கையேட்டைத் தன் செல்போனில் இறக்கிப் பாதிவரை படித்திருந்தாள். "பொட்டிக்குள்ளயே சேத்து வெச்சா எடம் பத்தாது, பழசு அழிஞ்சிடும்னுதான் போட்டிருக்குது. வெளிய ஒரு கம்ப்யூட்டருக்கு அனுப்பச் சொல்லுது."

ஹேமநாத்தின் காது சிவந்தது. முதலில் கடிகாரத்தைத் திருத்தினான். பிறகு பதிவு அளவை 'பிழை மட்டும்' என்பதிலிருந்து 'முழுவதும்' என்று மாற்றினான். எதையெல்லாம் பதிய வேண்டும் என்று ஒரு நீண்ட பட்டியல் வந்தது. சாதாரணமாக அதில் இரண்டு கட்டங்களைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

"எல்லாத்தையும் டிக் பண்றேன்" என்றான். "போன எடுத்தது, வெச்சது, பட்டன அமுக்குனது, தும்மினது எல்லாம் வரும். ஒக்காந்து படிச்சிகினே இருங்க."

தனசேகரன் குறுக்கிட்டார். "இவ கம்ப்யூட்டருக்கா போவுது? இவளே எழுதி இவளே அழிச்சிட மாட்டாளா? இன்னொரு காப்பி உன் ஆபீசுக்கு அனுப்பு."

"வேலூருக்கா?"

"ஆமா. அங்க யாரும் இவளுக்குத் தங்கச்சி வூட்டுக்காரன் இல்லையே."

ஹேமநாத் இரண்டாவது முகவரியையும் சேர்த்தான். புகார் படிவத்தில் எதையோ எழுதித் தனசேகரனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினான். என்ன எழுதினான் என்று லிடியாவிடம் யாரும் காட்டவில்லை.

புதன்கிழமை எதுவும் அறுந்துபோகவில்லை. வியாழக்கிழமையும் இல்லை.

"பாத்தியா" என்றார் தனசேகரன். "எழுதுதுன்னு தெரிஞ்சதும் கைய மடக்கி வெச்சிகினு இருக்கா."

கணக்கர் பரசுராமனை அவள் மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். அவள் விரல் எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் அவருக்கு இட்ட வேலை. பரசுராமன் ஒன்பது வருடமாக அவளோடு மதியச் சாப்பாடு சாப்பிட்டவர். முதல் நாள் சங்கடப்பட்டார். இரண்டாம் நாள் பேப்பர் படித்தார்.

"அண்ணா, பேப்பரப் பாக்காதீங்க. என் கையப் பாருங்க" என்றாள் லிடியா.

"நீ வேற பேஜார் பண்ணாதம்மா."

வெள்ளிக்கிழமை 12.05க்குப் பெங்களூர் சிக்பேட்டை ராமதாஸின் அழைப்பு வந்தது. லிடியா மாற்றிவிட்டாள். பிறகு இரண்டு கைகளையும் மேசைமேல், போனைவிட்டு ஒரு முழம் தள்ளி, விரித்து வைத்துக்கொண்டாள். தனசேகரனின் குரல் கூடத்தில் கேட்டது. ஜரிகையைப் பற்றி ஒரு வாக்குவாதம் நடந்தது. குரல் ஏறியது. பிறகு அமைதி. ஒரு நிமிடம் கழித்து, "அலோ, அலோ" என்று அவர் கத்தினார்.

"அறுந்துடுச்சு. பரசுராமா, பாத்தியா அவ கைய?"

பரசுராமன் பேப்பரை மடித்தார். "நான் அப்பதான் கண்ணாடியத் தொடச்சேன், முதலாளி."

லிடியா அவரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியை மறுபடி கழற்றித் துடைத்தார்.

அவள் கணினியில் பதிவைத் திறந்து 12.05க்குப் போவதற்குள் ஹேமநாத்தே அழைத்துவிட்டான். வேலூர்க் காப்பியைப் பார்த்து, அழைப்பு அறுந்தது அவனுக்கும் தெரிந்திருந்தது. குரலில் உற்சாகம் இருந்தது.

"சிஸ்டர், முதலாளி இருக்காரா? கிடைச்சிடுச்சு. யாரு கட் பண்ணாங்கனு சுத்தமா வந்திருக்குது."

"சார், லைன்ல ஹேமநாத். யாருன்னு தெரிஞ்சிடுச்சாம்" என்றாள் லிடியா.

தனசேகரன் மேடையிலிருந்தே கையை வீசினார். "ஸ்பீக்கர்ல போடு. இங்க சொன்னத இங்கயே கேக்கட்டும் எல்லாரும்."

"ஸ்பீக்கர்லயா சார்?"

"போடுன்னா போடு."

அவள் பொத்தானை அழுத்தினாள். ஹேமநாத்தின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"சார், பத்தாம் எண் உங்களுக்கு மாத்தின உடனே வெளிய போயிடுச்சு. அப்பறம் அது கால்லயே இல்ல. பதினொண்ணு மட்டுந்தான். இப்ப பதினொண்ணுல இருந்து பட்டன் வருது பாருங்க. சைபர், சைபர், சைபர்… எட்டு வாட்டி சைபர். ரெண்டு நொடி கேப். ஸ்டார். மறுபடி ரெண்டு நொடி. அப்பறம் சைபர் அஞ்சு வாட்டி."

தருமன் தலையைத் தூக்கினான். அவன் இடது கைவிரல்கள் முழங்காலில் மடங்கிக்கொண்டிருந்தன.

"அடுத்தது வெளியில இருந்து, அந்தப் பக்கத்து ஆள் அமுக்கறாரு. சைபர் ஏழு வாட்டி, ஸ்டார், சைபர் ஆறு வாட்டி."

"எட்டாயிரத்து ஐநூறு சொல்லியிருக்காரு" என்றான் தருமன் பக்கத்திலிருந்தவனிடம், எல்லாருக்கும் கேட்கும்படி. "அவன் ஏழு அறுநூறுக்கு வந்திருக்கான்."

"என்கிட்ட அதே புடவைக்கு ஏழாயிரத்துக்குமேல கட்டாதுன்னியே" என்று தனசேகரனைக் கேட்டார் மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு நெசவாளர்.

தனசேகரன் எழுந்துவிட்டார். ஹேமநாத்துக்குக் கூடம் தெரியவில்லை. அவன் படித்துக்கொண்டே போனான்.

"திரும்ப நம்ம பக்கம். சைபர் எட்டு வாட்டி. இந்த வாட்டி கேப்பே இல்ல சார், ஜல்தியா அமுக்கியிருக்கீங்க. ஸ்டார், உடனே சைபர். இதான் மேட்டர். உள்ள இருக்கற போன்ல இருந்து ஸ்டார் சைபர் அடுத்தடுத்து வந்தா அந்தக் கால் முடிஞ்சிதுன்னு பொட்டிக்கு அர்த்தம். ஹெட்போன் மாட்டிப் பேசறவங்களுக்கு வெக்க ரிசீவர் இருக்காதுல்ல, அவங்களுக்காகக் கம்பெனி வெச்ச கோடு நம்பர். பொட்டி ரெண்டு பக்கமும் கட் பண்ணிடுச்சு. அதான் போன் நம்பர் காலியா இருந்துச்சு. ஆக, கட் பண்ணது நீங்கதான் சா—"

தனசேகரன் பத்தடியையும் கடந்து வந்து, லிடியாவின் போனில் கையை அறைந்து வைத்தார்.

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. தருமன் மட்டும் செருப்பைத் தேடி எழுந்தான். அவனுக்கு வேறு இடத்தில் அவசர வேலை வந்துவிட்டது.

"எங்க போற?" என்றார் தனசேகரன்.

"டீ சாப்பிட."

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே ஹேமநாத் வந்தான். கடை திறக்கவில்லை. கூடத்தில் அவனும், தனசேகரனும், லிடியாவும் மட்டும் இருந்தார்கள்.

"உன்ன யாருடா அந்தக் கோடு வெக்கச் சொன்னது?" என்றுதான் தனசேகரன் ஆரம்பித்தார்.

"அது பொட்டியோடவே வருது சார். எல்லாக் கடையிலயும் இருக்குது. ஆனா வேற யாரும் பேசறப்போ ஸ்டார் சைபர் அமுக்கறதில்ல. நீங்க எதுக்கு சைபரையே அமுக்கறீங்க? ஒண்ண அமுக்கியிருந்தா இந்த வம்பே இல்ல. அந்தப் பக்கம் கேக்கறது வெறும் பீப்தான?"

"எவனாவது எட்டிப் பாத்தா ஸ்க்ரீன்ல வெறும் சைபர்தான் தெரியும். சைபருக்கு மதிப்பு இல்ல. ஸ்டாருக்கு முன்னாடி ஆயிரம், பின்னாடி நூறு. பதினஞ்சு வருசமா இப்பிடித்தான் பேசறேன். எந்த மெஷினும் கேக்கல." அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க ஆபீஸ்ல இருக்கற காப்பிய எவன் எவன் பாக்கலாம்?"

"சர்வீஸ் எஞ்சினியர் ஆறு பேர்."

"அடுத்த தெருக் கடைக்குப் போறவன்?"

"அவனும் அதுல ஒருத்தன்."

தனசேகரன் "அழி" என்றார். "இப்பவே அழி."

"புகார மூடினாத்தான் அழிக்க முடியும் சார். மூடணும்னா காரணம் எழுதிக் கையெழுத்துப் போடணும்." ஹேமநாத் படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தான். லிடியா அப்போதுதான் அதைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமைத் தேதியிட்ட வரி இப்படி இருந்தது: ஆபரேட்டர் லிடியா வேண்டுமென்றே அழைப்புகளைத் துண்டிப்பதாகப் புகார்.

கீழே ஹேமநாத் எழுதத் தொடங்கினான். லைன் கோளாறு, சரிசெய்யப்பட்டது.

"அதே போதும்" என்றார் தனசேகரன்.

"லைன் கோளாறு இல்லையே" என்றாள் லிடியா.

இருவரும் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்தார்கள். அந்த வாரத்தில் முதல்முறையாக அவர்கள் இருவரும் ஒரே பக்கம் இருந்தார்கள்.

"அதான் நீ இல்லைன்னு ஆயிடுச்சே. இன்னும் இன்னா வேணும்?"

"என் பேரு மேல இருக்குது. கீழ லைன் கோளாறுன்னு இருந்தா, லைனையும் நான்தான் கெடுத்தேன்னு நாளைக்கு எவனாவது படிப்பான். நடந்தத எழுதுங்க."

"பதினொண்ணாம் நம்பர்ல ஓனரே கட் பண்ணாருனு எழுதச் சொல்றீங்களா சிஸ்டர்? எங்க ஆபீஸ்ல என்னைக் கேப்பாங்க, அந்தக் கோடு நம்பர ஏன் முன்னாடியே எடுக்கலைன்னு."

"கேக்கட்டும்."

"லிடியா" என்றார் தனசேகரன். "கையெழுத்து நான் போடணும். வேலையும் நான் குடுக்கணும்."

"அந்தப் பதிவு என் கம்ப்யூட்டர்லயும் இருக்குது சார். செவ்வாய்ல இருந்து நாலு நாள். நீங்க யார்கிட்ட எத்தன சைபர் அமுக்கினீங்கனு எல்லாம்."

"மெரட்டறியா?"

"ஆமா சார்."

வெளியே ஷட்டரை யாரோ தட்டினார்கள். தனசேகரன் இருக்கச் சொல்லிக் கத்தினார். பிறகு ஹேமநாத்தைப் பார்த்தார்.

"எழுதித் தொல."

ஹேமநாத் லைன் கோளாறு என்ற வரியை அடித்தான். லிடியா சொல்லச் சொல்லத்தான் கீழே எழுதினான். இரண்டு இடத்தில் அவன் மாற்றி எழுத, அவள் திருத்தச் சொன்னாள். தனசேகரன் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். லிடியா அவர்கள் கண்முன்னே தன் கணினியிலிருந்த பதிவை அழித்தாள். ஹேமநாத் வேலூருக்குப் பேசி அங்கிருந்ததை அழிக்கச் சொன்னான். கேட்வேயில் ட்ரேஸை நிறுத்தினான். ஸ்டார் சைபர் குறியீட்டை எடுத்தான்.

"கூடத்துல சொல்லுவீங்களா சார்?" என்று லிடியா கேட்டாள். "திங்கக்கெழம எல்லார் முன்னாடியும் கேட்டீங்களே."

"சொல்ல மாட்டேன்" என்றார் தனசேகரன். ஷட்டரைத் தூக்கப் போனார்.

புகார் அக்டோபர் 19 அன்று மூடப்பட்டது. காரணம் என்ற இடத்தில், 11ஆம் எண் போனில் உரிமையாளர் அழுத்திய பொத்தான்களால் கேட்வே அழைப்புகளைத் துண்டித்தது, ஆபரேட்டருக்குத் தொடர்பில்லை என்று எழுதப்பட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தனசேகரன் சர்ச்சுக்கு வரவில்லை. லிடியா திங்கட்கிழமை வழக்கம்போல் வேலைக்குப் போனாள். ரங்கசாமியின் இருநூறு புடவைகள் அந்தத் தீபாவளிக்கு அடுத்த தெருக் கடையிலிருந்து சேலம் போயின.